பாதிச் சோறு

அன்றைக்கும் அவள் புருஷன் தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

எழுந்தவன் வாயைக் கொப்பளித்துவிட்டு வாசல்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் அந்தத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"உன் புருஷன்கிட்ட கேளு பாப்பா. நம்ம வீட்டுச் சோறு தொண்டையில இறங்கலையான்னு."

வாசலிலிருந்து பதில் வந்தது. "உங்கண்ணன்கிட்ட சொல்லு. எனக்குப் பசியில்லைன்னு."

"பசியில்லாதவன் வயிறு இப்படியா ராத்திரி பூரா கத்தும்னு கேளு. பக்கத்துல படுத்து என்னால தூங்க முடியல."

"அடுத்தவன் வயித்தை ஒட்டுக்கேக்கறது நல்ல பழக்கம் இல்லன்னு சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவே குழம்புக் கரண்டியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமாக இருக்கிற வீடு. மூலையில் பல்லி சத்தம் போட்டால் வாசலில் இருப்பவனுக்குக் கேட்கும். ஆனாலும் அந்த இரண்டு மகாராஜாக்களும் ஒருவர் சொன்னது ஒருவர் காதில் விழாத மாதிரிதான் இருப்பார்கள். அவள் "சரி, சொல்றேன்" என்று ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். சொன்னால்தான் பேச்சு செல்லுபடியாகும். ஆறேழு வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது. ஆரம்பத்தில் அவளுக்கு அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, இப்போதெல்லாம் அலுப்புத்தான்.

சுவரில் அண்ணன் தலைக்கு நேர் மேலே ஓர் ஆணி. அதில் தோல்வாரும் இரும்பு வளையமுமாக ஒரு பெல்ட் தொங்கியது. வாங்கிய நாளிலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது. அவள் ஒட்டடை அடிக்கும்போது அதையும் சேர்த்துத் தட்டுவாள்.

உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவரில் பெயிண்ட் அடிப்பது அவர்கள் பிழைப்பு. இதற்கு மூன்று பேர் வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஒரு பலகையில் உட்கார்ந்து சுவரோடு சுவராகத் தொங்கி அடிப்பவன் பலகையாளு. அது அவள் புருஷன். மொட்டை மாடியில் தண்ணீர்த்தொட்டியின் தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைப் பிடித்துக்கொண்டு, கேட்கிற அளவுக்கு விட்டுக்கொடுப்பவர் மேலாளு. அது அண்ணன். தெருவில் நின்று, குறுக்கே கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டு, "அந்தப் பக்கம் போங்க, தலைமேல பெயிண்ட் கொட்டும்" என்று போகிறவர்களையும் வருகிறவர்களையும் விரட்டிக்கொண்டு, இடையிடையே பெயிண்டைக் கலக்கிக் கொடுப்பவள் கீழாளு. அது அவள். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து அவளுக்குப் பிடரி வலி நிரந்தரமாகிவிட்டது.

பத்து மாடி உயரத்தில் கத்திப் பேச முடியாது. வண்டிச் சத்தமும் காற்றும் எல்லாவற்றையும் தின்றுவிடும். அதனால் கயிற்றிலேயே பேசிக்கொள்வார்கள். ஒரு இழுப்பு இழுத்தால் இறக்கு, இரண்டு இழுத்தால் நிறுத்து. லேசாக ஓர் ஆட்டு ஆட்டினால் "இருக்கியா?" என்று கேட்பதாக அர்த்தம். மேலே இருப்பவரும் அதே மாதிரி ஆட்டிப் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் முகம் பார்த்துப் பேசாதவர்கள் கயிற்றில் மட்டும் நாள் முழுக்கப் பேசினார்கள். அதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

சண்டை அந்த பெல்ட்டால் வந்தது. அண்ணன்தான் அவனைத் தொழிலுக்குக் கூட்டிவந்தார். அவர்தான் "பையன் நிதானமானவன், கையில வேலை இருக்கு" என்று தங்கையையும் கட்டிக்கொடுத்தார். மச்சான், மாப்ள என்று இரண்டு பேரும் ஒரே டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்த காலம் அது. வேறொரு கட்டடத்தில் பலகையாளு ஒருவன் விழுந்து செத்துப்போனான் என்று கேள்விப்பட்டு, அவள் புருஷன் ஒரு பெல்ட் வாங்கிக்கொண்டு வந்தான். தனிக் கயிறு கட்டி இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். மொட்டை மாடியில் பத்து ஆள் சுற்றி நிற்கும்போது அதை எடுத்துக் காட்டினான். அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் கை இருக்கறப்ப உனக்கு எதுக்குடா பெல்ட்டு? பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு வீட்லயே இருந்துக்கோ, பயந்தாங்கொள்ளி."

சொன்னதோடு விட்டாரா, பெல்ட்டைப் பிடுங்கி ஓரமாக எறிந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் குனிந்து பெல்ட்டை எடுத்தான். அன்றிலிருந்து அதைப் போடவும் இல்லை, அவரை மச்சான் என்று கூப்பிடவும் இல்லை. அவர் கையை நம்பித் தொங்கிக்கொண்டு, அவரோடு பேசாமல் இருந்தான். அவரும் லேசுப்பட்டவரா? அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்.

அண்ணன் கையில் ஏதோ கோளாறு என்பது அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டு திண்டாடினார். ஒருநாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனபோது, அவர் வாளியின் பிடியை முழங்கையில் மாட்டித் தூக்குவதைப் பார்த்தாள்.

"கையில என்ன அண்ணா?"

"கையில என்ன, விரல்தான்."

"விளையாடாத. வாளியை ஏன் முழங்கையில மாட்டறே?"

"இதுவும் கைதானே. பின்ன காலுலயா மாட்டுவாங்க?"

அவள் அவருடைய வலது கையைப் பிடித்து உள்ளங்கையில் நகத்தால் அழுத்தினாள். அவர் முகம் மாறவேயில்லை. அவருக்கு வலிக்கவில்லை என்பது புரிந்ததும் இன்னும் அழுத்தினாள்.

"டாக்டர்கிட்ட போனேன்" என்றார் அவர், குழாயைப் பார்த்துக்கொண்டு. "கழுத்துல நரம்பு நசுங்குதாம். அதுதான் மரத்துப்போகுதாம். கனம் தூக்காம வீட்ல இருங்கன்னான். வீட்ல இருந்து என்ன பண்றது? பல்லியோட பேசிக்கிட்டு இருக்கறதா?"

"அவர் உயிர் உன் கையில இருக்கு அண்ணா."

"அது எனக்குத் தெரியாதா?" அவர் குரல் உயர்ந்து சட்டென்று இறங்கியது. "கயித்து நுனியை என் இடுப்புல கட்டிக்கறேன். சட்டைக்கு உள்ள. யாருக்கும் தெரியாது. தூணுக்குத் தள்ளி நின்னுக்குவேன். நான் தூணைப் பார்த்து நடக்க நடக்க பலகை இறங்கும். கை விட்டாலும் உடம்பு விடாதுல்ல."

"அய்யோ, உன்னையும் சேர்த்து இழுத்துட்டா?"

"இழுத்தா இழுக்கட்டும். அவன் மட்டும் போய், நான் இருந்து உன் மூஞ்சியில முழிக்கவா?"

"அப்ப அவரை பெல்ட் போட்டுக்கச் சொல்லேன். ஒரு வார்த்தை. நீ சொன்னா கேப்பார்."

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். "நான் தூக்கி எறிஞ்சதை நானே எடுத்துக் குடுக்கணுமா? குடுத்தா ஏன்னு கேப்பான். என்ன சொல்ல? என் கை செத்துப்போச்சுடா மாப்ளன்னு சொல்லவா? அன்னைக்கே சொன்னேன்னு சிரிச்சான்னாக்கூட பரவாயில்ல. பாவம்னு பார்ப்பான் பாரு, அதை என்னால தாங்க முடியாது." பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பலமே இல்லை. "அவன்கிட்ட மட்டும் சொல்லாத. நம்ம அம்மா மேல ஆணை."

செத்துப்போன அம்மாவை இழுத்த பிறகு அவள் என்ன செய்வாள்? வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வேலை இல்லாத ஒரு நாள் புருஷன் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணன் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவனுடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றதை அவள் வெயிலில் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"என் சமையல் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. இப்படி தினம் பாதியைக் கொட்ட வைக்காதீங்க. பார்க்கிறவங்க நான் உங்களைப் பட்டினி போடறேன்னு பேசுவாங்க."

அவன் பிரஷை உதறினான். "அரிசிக்கடைத் தராசுல ஏறிப் பார்த்தேன். நல்லா குறைஞ்சிருக்கேன்."

"அதை என்னமோ பெருமையா சொல்றீங்க?"

"உங்கண்ணன் வலது கை செத்துக்கிட்டு இருக்கு" என்றான் அவன்.

"யார் சொன்னா?" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"யாரும் சொல்லல. கயிறு சொல்லுது. முன்னெல்லாம் அவர் இறக்கினா தொட்டில்ல இறங்கற மாதிரி இருக்கும். பல வருஷம் அந்தக் கையில தொங்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா? இப்பல்லாம் கயிறு நடுங்குது. ஒரு இழுப்பு இழுத்தா ஒரு கணம் தாமதமா இறங்குது. சாயங்காலம் ஆக ஆக ரொம்ப நடுங்குது. அதனால டப்பாவுல பாதி பெயிண்டுதான் எடுத்துக்கிட்டுப் போறேன். அப்புறம் யோசிச்சேன். டப்பாவைவிட நான்தானே கனம்."

தினமும் கொட்டிய சோறெல்லாம் அவள் கண்முன்னால் வந்தது. அத்தனை நாளும் அவனைத் திமிர் பிடித்தவன் என்று மனசுக்குள் திட்டியிருந்தாள். உப்பு குறைவோ, காரம் கூடுதலோ என்று மாற்றி மாற்றிச் சமைத்திருந்தாள்.

"பெல்ட்டைப் போட்டுக்கங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"போட்டா அன்னைக்கே அவருக்குத் தெரிஞ்சுபோகும், எனக்குத் தெரியும்னு. அப்புறம் அவர் கயித்தைத் தொடுவாரா? உங்கண்ணன் வீம்பு உனக்குத் தெரியாததா? அவருக்குக் கல்யாணம் இல்ல, காட்சி இல்ல. அந்தக் கயிறு ஒண்ணுதான் இருக்கு. அதையும் நான் புடுங்கணுமா?"

"இதை அவர்கிட்டயே சொல்லலாம்ல? இந்த மாதிரியே, மச்சான் இப்படி இப்படின்னு."

அவன் முகம் சட்டென்று இறுகியது. "நான் எதுக்குச் சொல்லணும்? பத்து பேர் முன்னாடி என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னவர். வேணும்னா அவர் வந்து பேசட்டும்." பிறகு அவளை உற்றுப் பார்த்தான். "உனக்கு இது முன்னமே தெரியுமா?"

அவள் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"தெரியுமா? சரி. தெரியாத மாதிரியே இரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம். சத்தியமா சொல்லு."

அவள் சத்தியம் செய்யவில்லை. அவள் செய்துவிட்டதாக அவனே எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அவளுக்கு இரண்டு பேரையும் ஒரே துடைப்பத்தால் அடிக்க வேண்டும் போல இருந்தது. அன்று சாயங்காலம் அண்ணன் கடைத்தெருவிலிருந்து ஒரு கட்டுக் கீரையும் நாலு முட்டையும் வாங்கிவந்து, "உன் புருஷனுக்கு ரெண்டு முட்டையா போடு, எலும்பும் தோலுமா திரியறான், ஊர்ல என்னைத்தான் பேசுவாங்க" என்று எரிந்து விழுந்தார். புருஷன் வெள்ளைக்கருவைத் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கினான். அவர் தட்டை நகர்த்திவிட்டுப் படுக்கப் போனார்.

அடுத்து கிடைத்தது ஒரு துணிக்கடைக் கட்டடம். மழைக்காலம் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும் என்று வேலை கொடுத்தவர் உயிரை எடுத்தார். வெளிச்சுவரில் பாதி முடிந்திருந்தது. தெருப் பக்கத்துச் சுவர் பாக்கி. அன்று காலையில் வானம் மூடியிருந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, இருவரும் வெளியே செருப்பு மாட்டும் நேரத்தில், ஆணியிலிருந்த பெல்ட்டை எடுத்து ஒரு துணியால் தூசியைத் துடைத்துப் பிரஷ் பைக்குள் அடியில் வைத்துவிட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் தன்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளும் மொட்டை மாடிவரை போனாள். தொட்டியின் படிக்கட்டில் குழாய் வேலை செய்கிற இரண்டு பேர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முதுகைக் காட்டி நின்று சட்டைக்குள் எதையோ முடிந்துகொண்டிருந்தார். புருஷன் பைக்குள் கையை விட்டான். பிரஷோடு பெல்ட்டும் வந்தது.

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். பிறகு வழக்கத்துக்கு மாறாக அண்ணனைப் பார்த்தான். அண்ணனும் திரும்பிவிட்டார். அவர் கண் பெல்ட்டின் மேல் விழுந்த விதத்தை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். நாள் கணக்கில் தண்ணீர் காணாதவன் செம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். புருஷன் வளையத்தைக்கூடத் திறந்துவிட்டான். இதோ மாட்டப்போகிறான்.

பீடிக்காரர்களில் ஒருவன், "என்ன அண்ணாச்சி, நாய்க்குப் போடற பட்டையா?" என்று சிரித்தான்.

"யாருக்கோ உயிர் மேல ஆசை வந்துடுச்சு போல" என்றார் அண்ணன்.

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கை தானாக முன்னால் நீண்டது, போட்டுக்கொள் என்று சொல்வது போல. ஆனால் அதற்குள் புருஷன் பெல்ட்டைத் தொட்டிப் படியில் விட்டெறிந்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பலகையில் கால் வைத்துவிட்டான்.

"அண்ணா, இன்னைக்கு வேண்டாம். மழை வருது" என்றாள் அவள்.

"கீழ போ பாப்பா. ஆளுங்க குறுக்க வருவாங்க" என்றார் அவர். அவர் குரலே சரியாக இல்லை.

அவள் கீழே வந்தாள். சிவப்புத் துணியைக் கட்டினாள். அண்ணாந்து பார்த்தாள். பலகை மேல்மாடி ஜன்னல்களைக் கடந்து மெதுவாக இறங்கியது. புருஷன் அடித்த பட்டை ஈரமாக, அழகாக, கோணல் இல்லாமல் இருந்தது. மத்தியானம்வரை ஒன்றும் ஆகவில்லை. குடை பிடித்த ஓர் அம்மா எதற்கு வழியை அடைக்கிறீர்கள் என்று அவளிடம் சண்டைக்கு வந்தாள். அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லித் திரும்புவதற்குள் முகத்தில் தூறல் விழுந்தது.

மழை பெரிதாக இல்லை. ஆனால் நைலான் கயிறு நனைந்து வழுக்குவதற்கு அது போதும். புருஷன் அடிப்பதை நிறுத்தி மேலே பார்த்தான். கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தான். நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், ஆனால் பலகை கொஞ்சம் இறங்கியது. மறுபடி இரண்டு இழுப்பு. பிறகு பலகை ஒரே வீச்சில் கீழே வந்தது.

அவள் கத்தினாள் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு நினைவில்லை. பெயிண்ட் டப்பா தெருவில் விழுந்து தெறித்தது. ஒரு மாடி, இரண்டு மாடி என்று சரிந்த பலகை மூன்றாவதில் முரட்டுத்தனமாக வெட்டி இழுத்து நின்றது. அவன் பலகையிலிருந்து நழுவிக் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரில் மோதி மோதி ஆடினான். அவளால் செய்ய முடிந்ததெல்லாம் கீழே கைகளை விரித்துக்கொண்டு நிற்பதுதான். விழுந்தால் ஏந்திக்கொள்ளப்போகிற மாதிரி நின்றாள்.

ஆட்டம் அடங்கியதும் அவன் ஒரு கையை உயர்த்திக் கயிற்றை லேசாக ஆட்டினான். இருக்கியா? மேலிருந்து பதில் வந்ததா என்பது கீழே தெரியாது. மறுபடி ஆட்டினான். மூன்றாவது தடவையும் ஆட்டினான். அதற்குப் பிறகு அவன் தலை மெதுவாகக் கயிற்றின் மேல் சாய்ந்தது. பதில் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

துணிக்கடை ஆட்கள் ஜன்னலைத் திறந்து அவனை உள்ளே இழுத்தார்கள். அவள் மாடிப்படிகளில் ஓடி மொட்டை மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் அவளுக்கு முன்னே அங்கே இருந்தான். அண்ணன் தொட்டித் தூணோடு தூணாக ஒட்டிக்கிடந்தார். இடுப்புக் கயிறு அவரைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து தூணில் அறைந்திருந்தது. சட்டை மேலே சுருண்டிருந்தது. கயிறு வயிற்றுச் சதையை அறுத்துக்கொண்டு உள்ளே பதிந்திருந்தது. வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பீடி பிடித்தவர்கள் இருவரும் பலகையின் கனம் அவர் இடுப்பை இன்னும் இறுக்காமல் கயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் புருஷன் மண்டியிட்டு அந்த முடிச்சைப் பார்த்தான். பிறகு விரலால் முயன்றான், பல்லால் முயன்றான். நனைந்த முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. சுவரில் பட்டி தேய்க்கும் இரும்புத் தகட்டை எடுத்து அறுக்கத் தொடங்கினான்.

"அறுக்காத" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல். "புதுக் கயிறு."

"வாயை மூடுய்யா!" அவன் கத்தினான். "எவன்யா உன்னை இடுப்புல கட்டிக்கச் சொன்னது? செத்திருந்தா? செத்திருந்தா நான் என்னய்யா பண்ணுவேன்?"

"உனக்குத்தான் பெல்ட் இருந்துச்சே. ஏன்டா எறிஞ்சே?"

"நீ ஏன்யா அப்படிச் சொன்னே?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வண்டி வந்ததும் அவன் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார். நர்ஸ் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். வலது கை பிழைக்கவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, அவர் திரும்பும் பக்கமெல்லாம் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது. வீட்டுக்கு வந்தபின் அவர் சுவரோரம் உட்கார்ந்து இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகினார். அவள் ஊட்ட வந்தால் முறைத்தார். புருஷன், சட்டென்று நிறையச் சாப்பிட்டால் அவருக்குப் புரிந்துவிடும் என்று, அப்போதும் பாதிச் சோற்றை ஒதுக்கினான். அவர் குளிக்க வெந்நீர் காய்ச்சி வாசலில் வைத்துவிட்டு, யார் வைத்தது என்றே தெரியாதது போலத் தள்ளிப் போய் நின்றான். அவர் அதில் குளித்துவிட்டு, "தண்ணி சூடு பத்தலன்னு சொல்லு" என்றார். பழையபடியே ஆகிவிட்டார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் மொட்டை மாடியிலேயே சொல்லி முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள் போல.

கையிருப்பு கரைந்ததும் அவன் வேலைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. வேறு மேலாளு ஒருவன் கிடைத்தான். வாட்டசாட்டமான ஆள். பெல்ட் இல்லாமல் பலகையில் ஏறவிட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். அவள் மொட்டை மாடியிலிருந்து எடுத்துவந்து மறுபடி மாட்டியிருந்த பெல்ட்டை மறுநாள் காலையில் புருஷன் ஆணியிலிருந்து எடுத்தபோது அண்ணன் கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்திருந்தார். தூங்குகிறவர் தொண்டை அப்படி ஏறி இறங்காது.

அன்று சாயங்காலம் அவன் பசியோடு வந்தான். அவள் சோறு போட்டாள். தலையைக் குனிந்துகொண்டு தட்டு முழுவதையும் சாப்பிட்டான். விரலை வழித்துவிட்டுத் தட்டை நீட்டினான். அவள் இன்னொரு கரண்டி போட்டாள். அதிலும் பாதி சாப்பிட்டுவிட்டான். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைப் பசி மறக்கடித்துவிட்டது. அவளும்தான் மறந்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் வயிறு நிறையச் சாப்பிடுகிறானே என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே" என்றார் அண்ணன் சுவரைப் பார்த்து. "உன் புருஷனுக்கு இன்னைக்குச் சோறு இறங்குது. புது மேலாளு வந்த நேரம் போல."

"சாப்பிடற நேரத்துல எதுக்கு அண்ணா?"

"கேளேன். அவன் கை எப்படின்னு கேளு. கெட்டியான கையா?"

"பரவாயில்லாத கைன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு" என்றான் அவன் வாயில் சோற்றோடு.

அண்ணன் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அவனுடைய தட்டைப் பார்த்தார். அவனுடைய துருத்திய கழுத்தெலும்பைப் பார்த்தார். பிறகு தன் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். அவர் எண்ணம் ஒவ்வொரு படியாக ஏறுவது அவளுக்கு அப்படியே தெரிந்தது. தடுக்க வழியில்லை. பெயிண்ட் டப்பா ஏன் பாதியாக இறங்கியது, முட்டையின் மஞ்சள் ஏன் மிஞ்சியது, ராத்திரியெல்லாம் ஏன் அந்த வயிறு கத்தியது என்று எல்லாம் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது.

"பாப்பா" என்றார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

அவள் குழம்பைக் கிளறினாள்.

"எத்தனை நாளா பாதி வயிறு?"

புருஷனின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவன் நிமிரவில்லை. இப்போது, இப்போது யாராவது ஒருவர் வாயைத் திறப்பார் என்று அவள் காத்திருந்தாள். மச்சான் என்று ஒரு வார்த்தை, மாப்ள என்று ஒரு வார்த்தை. ஒன்று வந்தால் போதும், மற்றது தானாக வந்துவிடும். அவள் இவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.

அண்ணன் இடது கையால் தன் தட்டைத் தள்ளினார். அது தரையில் தேய்ந்துகொண்டு போய் அவன் தட்டை இடித்து நின்றது. அதில் அவருக்குப் போட்ட முட்டை முழுசாக இருந்தது.

"உன் புருஷன்கிட்ட சொல்லு" என்றார். குரல் உடைந்துவிட்டது. "சாப்பிடச் சொல்லு."

"உங்கண்ணன்கிட்ட சொல்லு..." என்று அவன் ஆரம்பித்தான். அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. பிறகு கையை உதறிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள்.